நான் அழித்த பாம்புக்கடிக் குறிப்புகள்

2003ஆம் வருஷம், ஆடி மாதம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இருபத்து நான்கு வயது. பெண் என்றதும் டைப் அடிக்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஹார்டுவேர் ஆள். ஸ்குரூ டிரைவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் ஏறிப் போய், கம்ப்யூட்டரைப் பிரித்து மாட்டிவிட்டு வருகிறவள்.

எங்கள் வீடு அகரத்தில். வெங்காயமும் கடலையும் போடுகிற குடும்பம். அங்கிருந்து ஒருத்தி இந்த வேலைக்கு வந்தது சொந்தக்காரர்கள் யாருக்கும் பிடிபடவில்லை. சர்வீஸுக்குப் போகிற வீடுகளிலும் கதவைத் திறந்தவுடன், எனக்குப் பின்னால் யாராவது ஆம்பளை ஏறி வருகிறாரா என்றுதான் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு மணி நேரம் கழித்து மெஷின் ஓடும்போது அந்தப் பார்வை மாறும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அப்போதெல்லாம் எங்களுக்கு வருகிற புகாரில் பாதி, "கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா ஓடுது" என்பதுதான். அதற்கென்றே என் பையில் ஒரு சிடி இருக்கும். அதில் ஒரு கிளீனப் சாஃப்ட்வேர். போட்டால் மெஷினைத் துழாவி, வேண்டாத ஃபைல்கள் என்று ஒரு நீளமான பட்டியல் காட்டும். எல்லாவற்றையும் டிக் அடித்து, அழி என்றால் போச்சு. ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாது. அதற்குப் பிறகு டீஃப்ராக் ஓட்டுவேன். டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிற ஃபைல்களை அது வரிசையாக அடுக்கிவைக்கும். இரண்டும் முடிந்தால் பழைய மெஷின்கூடப் பறக்கும். அந்தப் பட்டியலை நான் ஒரு நாளும் படித்ததில்லை. கீழே வரை ஓட்டிக்கூடப் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை, ஆத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். ஒரு டாக்டரம்மா நடத்துகிற ஆஸ்பத்திரி. பத்துப் படுக்கை இருக்கும். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கலாம். நான் போனபோது வாசல் வரைக்கும் நோயாளிகள். கம்ப்யூட்டர் இருந்த அறையைக் கையால் காட்டிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நானும் எதுவும் கேட்கவில்லை. சிடியைப் போட்டேன், டிக் அடித்தேன், அழித்தேன். டீஃப்ராக் ஓட்ட மவுஸை நகர்த்தும்போது கரண்ட் போய்விட்டது. அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வருகிற மாதிரி இல்லை. அங்கிருந்த நர்ஸிடம், மிச்ச வேலையை அடுத்த தடவை வந்து முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். கரண்ட்காரர்களைத் திட்டிக்கொண்டேதான் வந்தேன்.

திங்கட்கிழமை காலையில் கடைக்கு போன் வந்தது. டாக்டரம்மாதான்.

"என் பாம்பு ஃபைலைக் காணோம்மா."

பாம்புக்கடியோடு வருகிறவர்களைப் பற்றி அவர் எழுதிவைக்கிற ஃபைலாம். எந்த ஃபோல்டரில் வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். அவருக்கு ஃபோல்டர் என்ற சொல்லே குழப்பமாக இருந்தது. வேர்டைத் திறப்பாராம், மேலே ஃபைல் என்பதை அழுத்துவாராம், கீழே கடைசியாகத் திறந்த ஃபைல்களின் பெயர் வருமாம், அதில் முதல் பெயரை அழுத்தினால் திறந்துவிடுமாம். ஒன்றரை வருஷமாக அப்படித்தான். இப்போது அங்கே ஒரு பெயரும் இல்லை.

இருக்காது. அந்தப் பெயர்ப் பட்டியலையும் சேர்த்துத்தான் நான் துடைத்திருந்தேன்.

அந்த ஃபைல் முதலில் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். மதுரையில் இருக்கிற டாக்டர் தோழி ஒருவர், கட்டம் போட்டு அழகாக அமைத்து மெயிலில் அனுப்பினாராம். இவர் மெயிலிலிருந்தே அதைத் திறந்து எழுத ஆரம்பித்துவிட்டார். அங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. மெயிலில் வந்ததை நம் ஃபோல்டரில் தனியாகச் சேமிக்காமல் அப்படியே திறந்தால், இன்டர்நெட்டின் தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் போய் உட்காரும். எத்தனை தடவை சேவ் கொடுத்தாலும் அங்கேயேதான் சேவ் ஆகும். கிளீனப் சாஃப்ட்வேர் முதலில் காலி பண்ணுகிற இடமும் அதுதான். நான் பார்க்காமல் டிக் அடித்த பட்டியலில் அந்தப் பெயரும் நிச்சயம் இருந்திருக்கும்.

என் முகம் போன போக்கைப் பார்த்துக் கடைக்கார அண்ணன் பக்கத்தில் வந்தார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி, "வைரஸ்னு சொல்லிரு. அவுகளுக்குத் தெரியவா போகுது" என்றார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எனக்கு வேலை கொடுக்க ஊரில் யாரும் யோசிக்காத நேரத்தில் கொடுத்தவர். கடைப் பேர் கெட்டுப்போகுமே என்ற பயம். அந்தப் பொய்யும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அந்தக் காலத்தில் வைரஸ் என்றால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். அதோடு, இது வெளியே தெரிந்தால் 'பொம்பளப் பிள்ளைய அனுப்பினா இப்படித்தான்' என்று சொல்லக் காத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் வைரஸ் என்று சொல்லிவிட்டால், அந்த அம்மா அதே மெஷினில் தொடர்ந்து வேலை பார்ப்பார். இருக்கிற கொஞ்ச வாய்ப்பும் போய்விடும். அழித்த ஃபைல் உடனே மறைவதில்லை. அதன் பெயரும் விலாசமும்தான் போகும். விஷயம் டிஸ்க்கிலேயே கிடக்கும், அதன் மேல் வேறு ஏதாவது எழுதப்படுகிற வரைக்கும்.

கையை எடுத்தேன். "டாக்டர், அதை நான்தான் அழிச்சிட்டேன். பாக்காம செஞ்சிட்டேன். தப்பு என்னோடது."

"திரும்பக் கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியல டாக்டர். கிடைக்கணும்னா இப்பவே பிளக்கைப் பிடுங்கணும். ஷட்டவுன்கூடப் பண்ண வேணாம்."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "பிடுங்கிட்டேன்" என்றார்.

அடுத்த பஸ்ஸில் கிளம்பினேன். சின்னாளபட்டி, செம்பட்டி என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் ஏற்றி அது ஆத்தூர் போய்ச் சேர்வதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. டாக்டரம்மா திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று மனதைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. நோயாளிகளுக்கு நடுவில் இரண்டு நிமிஷம் எழுந்து வந்து, என்ன தொலைந்துபோயிருக்கிறது என்பதைச் சொன்னார், அவ்வளவுதான்.

ஏழு வருஷமாகப் பாம்புக்கடியோடு அந்த ஆஸ்பத்திரிக்கு வந்த ஒவ்வொருவரைப் பற்றியும் அவர் எழுதி வந்திருக்கிறார். எங்கே கடித்தது, எத்தனை மணிக்கு, ஆஸ்பத்திரி வருவதற்கு முன்னால் என்னென்ன செய்தார்கள், எவ்வளவு நேரம் கழித்து வந்தார்கள், எந்த மருந்து எவ்வளவு கொடுத்த பிறகு தெளிந்தது. முதல் ஐந்தரை வருஷம் மதுரைத் தோழியிடம் ஒரு பிரதி இருக்கிறது. கடைசி ஒன்றரை வருஷம் இந்த மெஷினில் மட்டும். கேஸ் ஷீட்டை, வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் காட்டட்டும் என்று நோயாளிகளிடமே கொடுத்து அனுப்பிவிடுவார். மூன்று வாரத்தில் திண்டுக்கல்லில் சுற்று வட்டார நர்ஸ்களுக்கும் டாக்டர்களுக்கும் ஒரு பயிற்சி வகுப்பு. அதில் இவர் பேச வேண்டும்.

"மருந்து கையில இருந்தும் ரெண்டு பேரைக் காப்பாத்த முடியாமப் போச்சு. ஏன்னு அதுலதான் எழுதி வச்சிருந்தேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, ஒரு துணியில் சுற்றி, திரும்பி வருகிற பஸ்ஸில் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் என் முதுகுதான் கம்பியில் மோதியது.

கடையில் அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். காலையில் அவர் சொன்னதைக் கேட்காத கோபம். ஆனாலும் எனக்கு அவரிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. காணாமல் போனதைத் தேடுவதற்கு முன்னால் அந்த டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும். நகலில்தான் தேட வேண்டும், மூலத்தில் கை வைக்கக் கூடாது. வேறொருவருக்காக வாங்கி வைத்த புது டிஸ்க் ஒன்று அலமாரியில் பிரிக்காமல் இருந்தது. கேட்டேன். கத்தரிக்கோலை எடுத்து உறையை அவரே வெட்டி, என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த மூன்று நாள் நான் வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை. அழிந்த ஃபைல்களைத் தேடித் தருகிற ஒரு சாஃப்ட்வேரை ஓட்டினேன். ஆயிரக்கணக்கில் பெயர்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் முதல் எழுத்து காணாமல் போயிருந்தது. அந்த வகை டிஸ்க்கில் அழித்தால் அப்படித்தான் ஆகும். அவற்றுக்கு நடுவில் அந்த ஃபைலைக் கண்டுபிடித்தேன். திறந்தேன். முதல் பதினாலு பக்கம் அப்படியே இருந்தது. பதினைந்தாம் பக்கத்திலிருந்து வெறும் கட்டமும் கிறுக்கலும். ஃபைல் டிஸ்க்கில் பல இடத்தில் துண்டாகக் கிடந்திருக்கிறது. முதல் துண்டு மட்டும்தான் கைக்கு வந்திருக்கிறது.

மாடிப் படியில் போய் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து முகம் கழுவும்போதுதான் ஒன்று தோன்றியது. வேர்டில் ஒவ்வொரு தடவை சேவ் கொடுக்கும்போதும், அது ஒரு தற்காலிகப் பிரதி எடுத்து, பிறகு பழையதைத் தானே அழித்துவிடும். அந்த அம்மா ஒன்றரை வருஷமாக எத்தனை தடவை சேவ் கொடுத்திருப்பார்? அந்தப் பழைய பிரதிகள் எல்லாம் டிஸ்க்கில் எங்கேயாவது கிடக்க வேண்டுமே. அன்றைக்கு மட்டும் கரண்ட் போகாமல் டீஃப்ராக் ஓடியிருந்தால் எல்லாம் புரட்டி அடுக்கப்பட்டு, ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஓட்டையும் உடைசலுமாக நூற்றுக்கும் மேல் கிடைத்தன. ஒன்றில் நாலு பக்கம் நன்றாக இருக்கும், இன்னொன்றில் நடுப்பகுதி மட்டும். எது எதற்குப் பின்னால் வரும் என்று தெரிந்துகொள்ள ஒவ்வொன்றையும் நான் படித்தே ஆக வேண்டியிருந்தது. மல்லிகைத் தோட்டத்தில் விடியலில் பூப் பறிக்கப் போன பெண். கடலைச் செடி பிடுங்கும்போது விரலில் கடிபட்ட பிள்ளை. கயிற்றால் இறுக்கிக் கட்டியதில் கால் கறுத்துப்போன ஒரு பெரியவர். யார் பெயரும் முழுதாக இல்லை, ஆனால் ஒவ்வொருவரும் ஒரு வீட்டு ஆள். எங்கள் அப்பாவும் அம்மாவும் தினம் நிற்கிற வெங்காயக் காடு, கடலைக் காடு மாதிரியான இடம்தான் எல்லாமே. நான் அழித்தது எதை என்பது எனக்கு உறைத்தது அந்த மூன்று நாளில்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஒன்றரை வருஷத்துக் குறிப்புகளும் வரிசையாக நின்றன. கடைசி ஒன்பது பேருடையது மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை.

ஆத்தூருக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். டாக்டரம்மா ஒவ்வொரு பக்கமாக ஓட்டிப் பார்த்தார். இடையில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த ஒன்பது பேரின் பெயரும் ஊரும் நர்ஸின் ரிஜிஸ்டரில் இருக்கிறது, கொடுத்த ஊசியின் அளவும் இருக்கிறது, ஆனால் மற்ற விவரங்கள் அவர்களைக் கேட்டால்தான் தெரியும், கேட்கப் போகத் தனக்கு நேரம் இல்லையே என்றார்.

"நான் போய்க் கேட்டு எழுதிட்டு வாரேன் டாக்டர்" என்றேன்.

அன்றுதான் அவர் என்னை நிமிர்ந்து சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஒரு தாளில் என்னென்ன கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது, "அவங்க சொல்றதை மட்டும் எழுது. உனக்குத் தோணுறதை எழுதாதே. அவங்க சொன்னதை வேற யார்கிட்டயும் பேசாதே" என்றார்.

அண்ணனிடம் லீவு கேட்டதற்கு, போய்விட்டு வா என்று ஒரே வார்த்தையில் சொன்னார். நர்ஸும் நானும் ஆத்தூரைச் சுற்றி இருக்கிற ஊர்களுக்கு டவுன் பஸ்ஸிலும் நடையுமாகப் போய் எட்டுப் பேரைப் பார்த்துவிட்டோம். ஒருவர் வீட்டில் மோர், இன்னொரு வீட்டில் சாப்பிடாமல் விடமாட்டேன் என்று சோறும் வெஞ்சனமும். உயிர் பிழைத்தவர்கள் அல்லவா, டாக்டரம்மா பேரைச் சொன்னாலே பாயை விரித்துவிடுவார்கள்.

ஒன்பதாவது ஆள்தான் சிக்கல். ஆடு வாங்கப் போகிற வழியில், ஆத்தூர் அணைப் பக்கம் படுத்திருந்தபோது கடிபட்ட ஒரு ஆட்டு வியாபாரி என்று நர்ஸுக்கு ஞாபகம். ரிஜிஸ்டரில் பெயருக்கு எதிரே 'அய்யலூர்' என்று மட்டும் இருந்தது. எட்டுப் பேர் போதும் என்று டாக்டரம்மாவே சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

அய்யலூர் சந்தை நாளன்று முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். ஆட்டுச் சந்தை என்று கேள்விப்பட்டிருக்கிறேனே தவிர, உள்ளே போனதில்லை. கண்ணுக்கெட்டின தூரம் ஆடு, ஆடு, ஆட்டுக்கு நடுவில் ஆட்கள். அந்தக் கூட்டத்தில் பேண்ட் சட்டைத் துணியில் சுடிதார் தைத்துப் போட்டுக்கொண்டு, கையில் நோட்டுடன் நான் ஒருத்தி. ஒவ்வொரு கூட்டமாகப் போய், ரிஜிஸ்டரில் இருந்த பெயரைச் சொல்லி, அந்தப் பெயரில் பாம்பு கடிச்சுப் பிழைச்ச வியாபாரி யாராவது இருக்காங்களா என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர் ஆடு வாங்க வந்தவள் என்று நினைத்து ஒரு கிடாயை என் பக்கம் தள்ளினார். வெயில் ஏறின பிறகு, ஒரு டீக்கடைக்காரர் கை காட்டினார். ஒரு வேனின் பின்பலகையில் உட்கார்ந்திருந்த, நரைத்த மீசைக்காரர். விஷயத்தைச் சொன்னதும் வேட்டியை விலக்கிக் காலில் இருந்த தழும்பைக் காட்டினார்.

"டாக்டரம்மா அனுப்புனாகளா? அம்புட்டு தூரத்துல இருந்தா வந்த?"

தாளில் இருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடித்த நேரம், இடம், வலி, கண் சொருகினது எல்லாம் சொன்னார். கடித்ததும் நேரே ஆஸ்பத்திரிக்குத்தானே வந்தீர்கள் என்று கேட்டபோது கையில் இருந்த ஆட்டுக் கயிற்றை முறுக்க ஆரம்பித்தார்.

"இல்ல தாயி. மந்திரிக்கத்தான் மொதல்ல போனோம். ரெண்டு மணி நேரம் அங்க உக்காந்திருந்தேன். டாக்டரம்மா கேட்டப்ப, நேரா வந்தோம்னு சொல்லிட்டேன். வெக்கமா இருந்துச்சு."

எழுதவா வேண்டாமா என்று நான் அவரையே கேட்டேன்.

"எழுதிக்க. எவனாச்சும் அதப் படிச்சுப் பொழச்சாச் சரி."

அன்று மத்தியானமே ஆத்தூருக்குப் போய் அந்தத் தாளைக் கொடுத்தேன். டாக்டரம்மா நின்றுகொண்டே படித்தவர், நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். நேராக வந்த ஆளுக்கு ஏன் இவ்வளவு மருந்து தேவைப்பட்டது என்று அவருக்கு மாதக்கணக்காகப் புரியாமல் இருந்ததாம். தொலைந்துபோன குறிப்பில் அந்த இடத்தில் தப்பான தகவல்தான் இருந்திருக்கிறது. இப்போதுதான் சரியானது வந்திருக்கிறது.

பயிற்சி வகுப்புக்கு என்னையும் வரச் சொன்னார். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். வெள்ளை உடையில் நர்ஸ்களும் டாக்டர்களுமாக மண்டபம் நிறைந்திருந்தது. ஒவ்வொரு கேஸாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், அந்த வியாபாரியின் கேஸைப் பெயர் சொல்லாமல் சொன்னார். "நோயாளி வெக்கப்படாம உண்மையச் சொல்ற மாதிரி நாம கேக்கணும். எனக்கு அப்படிக் கேக்கத் தெரியல. கேட்டு வாங்கிட்டு வந்தவங்க எங்க கம்ப்யூட்டர் இன்ஜினியர்" என்று கடைசி வரிசையைக் காட்டினார். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை என்னை யாரும் இன்ஜினியர் என்று சொன்னதில்லை. எனக்கு எழுந்திருப்பதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியவில்லை. எழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். காது இரண்டும் சுட்டது.

அண்ணன் அதற்குப் பிறகு எந்தக் கஸ்டமரிடமும் வைரஸ் என்று சும்மா சொன்னதில்லை. பெரிய வேலை வந்தால், "அந்தப் பிள்ளையே போகட்டும்" என்பார்.

இப்போது எனக்கென்று ஒரு கடை இருக்கிறது. கிளீனப் சாஃப்ட்வேரை நான் ஒதுக்கிவிடவில்லை. அதன் மேல் தப்பு இல்லையே. ஆனால் மெஷின் முன்னால் உட்கார்ந்ததும் முதலில் ஸ்குரூ டிரைவரை எடுக்க மாட்டேன், பேச்சுக் கொடுப்பேன். இதில் உங்களுக்கு முக்கியமானது எது, தினமும் எப்படித் திறக்கிறீர்கள், திறந்து காட்டுங்கள் என்பேன். அவர்கள் காட்டுகிற இடம் பல நேரம் அவர்களுக்கே தெரியாத இடமாக இருக்கும். ஒருவர் ரீசைக்கிள் பின்னையே அலமாரி மாதிரி வைத்திருந்தார். அதையெல்லாம் தனியாக ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்து, அந்த நகல் வேறொரு மெஷினில் திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பட்டியலைத் திறப்பேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பேன். என்னவென்று புரியாத பெயர் இருந்தால் டிக்கை எடுத்துவிடுவேன். இடம் கொஞ்சம் அடைத்துக்கொண்டு இருந்தால் இருக்கட்டும். என் கடைக்கு வேலை கற்றுக்கொள்ள வருகிற பெண்களுக்கும் முதல் நாளில் இதைத்தான் செய்ய வைக்கிறேன்.

இத்தனை வருஷத்தில் என் கையால் யாருடைய ஃபைலும் தொலைந்ததில்லை என்று என்னால் இப்போது நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடிகிறது. என்றாலும் எனக்குள் இருக்கிற பெருமை அதனால் வந்தது அல்ல. பார்க்காமல் ஒரு பெரிய தப்பைச் செய்த பிறகும், அதை என் காலால் நடந்து போய்ச் சரிசெய்கிறவள்தான் நான் என்று, இருபத்து நான்கு வயதிலேயே எனக்குத் தெரிந்துபோனதால் வந்தது.